எங்கள் முதுகுப் பக்கத்தைக் காலியாக விடுங்கள்

திருமண வரவேற்பு நிகழ்ச்சி அமைப்பாளர்களுக்கும், வீடியோ எடுக்கும் தம்பிகளுக்கும், மண்டப மேலாளர்களுக்கும்,

வணக்கம். வரவேற்புகளில் கைவித்தை செய்யும் மேஜிக் கலைஞர்கள் நாங்கள்.

போன முகூர்த்த சீசனில் சுற்றிய அந்த ரீல்ஸை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்களில் சிலர் பகிர்ந்தும் இருக்கிறீர்கள். எந்த ஊர், எந்த மண்டபம் என்று இங்கே எழுதப்போவதில்லை. இளம் கலைஞர் ஒருவர் பெண் வீட்டாரிடம் பத்து ரூபாய் நாணயம் ஒன்றை வாங்கி மறைக்கிறார். கிம்பலோடு (கேமரா ஆடாமல் பிடிக்கும் கருவி) ஒரு தம்பி அவரைச் சுற்றி வருகிறார். முதுகுப் பக்கம் வந்ததும் இடது கை விரல்களுக்குள் நாணயம் பளிச்சென்று தெரிகிறது. அந்த ஒரு நொடியை ஸ்லோமோவில் இழுத்து, சிரிப்புச் சத்தம் சேர்த்து ஏற்றிவிட்டார்கள். முன்னால் நின்று பார்த்தவர்கள் வாய் பிளந்து நின்றதும் அதே வீடியோவில்தான் இருக்கிறது. அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

அந்தக் கலைஞரின் கையில் தவறு எதுவும் இல்லை. அவர் செய்தது எந்தச் சிறுவர் மேஜிக் புத்தகத்திலும் முதல் பாடமாக இருப்பது. ஆகவே விளக்கிச் சொல்வதால் ரகசியம் ஒன்றும் போய்விடாது. இடது கைப் பெருவிரலுக்கும் மற்ற விரல் நுனிகளுக்கும் நடுவே நாணயத்தை விளிம்பில் பிடிக்கிறோம். வலது கை எடுக்க வருகிறது. அதன் பெருவிரல் நாணயத்துக்குக் கீழே நுழைய, மற்ற விரல்கள் முன்பக்கம் மூடுகின்றன. அந்த மறைவில் நாணயம் இடது கைக்குள்ளேயே, நடுவிரல் மோதிரவிரல்களின் அடிப்பக்கம் விழுகிறது. வலது கை எதையோ எடுத்ததுபோல் மூடிக்கொண்டு விலகுகிறது. நம் கண்ணும் அதோடு போகிறது. இடது கை அவசரப்படாமல் தளர்ந்து இறங்குகிறது. கண் இடது கையிலேயே தங்கினால் கெட்டது. இடது விரல்கள் விறைத்தால் கெட்டது. வலது கை சீக்கிரம் திறந்தாலும் கெட்டது. இவை மூன்றும் எங்கள் பொறுப்பு. கண்ணாடி முன்னால் மாதக்கணக்கில் நின்று சரிசெய்துகொள்வோம்.

நாலாவது ஒன்று உங்கள் பொறுப்பு. இந்த வித்தை முழுக்க, புறங்கை பார்ப்பவர் பக்கமும் உள்ளங்கை எங்கள் பக்கமும் இருக்கிறது. நேர் எதிரே மூன்று நான்கு அடியில் இருப்பவருக்கும், அவருக்கு இரு பக்கமும் சுமார் 45 டிகிரிக்குள் நிற்பவருக்கும் எதுவும் தெரியாது. தோளுக்குப் பக்கவாட்டில் வந்தால் பாதி தெரியும். பின்னால் வந்தால் நாங்கள் பார்ப்பதெல்லாம் உங்களுக்கும் தெரியும். இது எல்லாக் கலைஞருக்கும் பொது. எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் முதுகுக்குப் பின்னால் ஒரு லென்ஸ் வந்தால் கதை முடிந்தது. அதனால்தான் கேட்கிறோம்: எங்கள் முதுகுப் பக்கத்தைக் காலியாக விடுங்கள்.

'நாங்க பார்க்கிறதுக்கா எடுக்கிறோம், ஆல்பத்துக்குத்தானே' என்பது வழக்கமான பதில். மனிதக் கண்ணும் கேமராவும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை, தம்பி. எதிரே இருப்பவர் எங்கள் முகத்தைப் பார்ப்பார். நாங்கள் எங்கே பார்க்கிறோமோ அங்கே பார்ப்பார். கேள்வி கேட்டால் நிமிர்ந்து பதில் சொல்வார். வித்தையின் பாதி அந்த நிமிரலில்தான் நடக்கிறது. கேமராவிடம் 'உங்கள் பெயர் என்ன?' என்று கேட்டால் அது நிமிராது. ஜூமில் கைகளை மட்டும் எடுத்தால் முகம் போய்விடுகிறது, பார்வை போய்விடுகிறது. மிச்சம் இருப்பது இரண்டு கையும் சந்தேகமும்தான். கை ஒரு முறை ஃபிரேமுக்கு வெளியே போய்வந்தாலே, அங்கேதான் ஏதோ செய்தார் என்று பார்ப்பவர் முடிவு கட்டிவிடுவார், அங்கே நிஜத்தில் ஒன்றுமே நடந்திருக்காது.

அடுத்தது 'அண்ணா, ஒன் மோர்'. தாலி கட்டுவதையே திரும்பக் கேட்கிறவர்கள் நீங்கள்; எங்களிடம் கேட்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். முதல் தடவை என்ன நடக்கப்போகிறது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. எங்கே பார்ப்பது என்றும் தெரியாது. இரண்டாவது தடவை முடிவு தெரியும். நாணயம் வலது கையில் இருக்காது என்று தெரிந்தால் கண் நேரே இடது கைக்குத்தான் போகும். ஒரே கூட்டத்துக்கு ஒரே வித்தையை ஒரே வழியில் இரண்டு முறை செய்யாதே என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். மூன்று கிண்ணமும் பந்தும் வைத்துச் செய்யும் செப்படி வித்தையில் திரும்பத் திரும்பச் செய்வதுபோல் தெரியும். அங்கே ஒவ்வொரு சுற்றும் வேறு வழியில் போகிறது, கடைசியில் பந்துக்குப் பதில் எலுமிச்சை வந்து நிற்கும். மாப்பிள்ளை கையெழுத்துப் போட்ட 500 ரூபாய் நோட்டு எலுமிச்சைக்குள்ளிருந்து வந்த பிறகு 'ஃபோகஸ் மிஸ் ஆயிடுச்சு, இன்னொரு தடவை' என்றால் நாங்கள் என்ன செய்வது? பழத்தை ஒட்டவைப்பதா?

மேடை விஷயத்துக்கு வருவோம். பொதுவாக நடப்பது இது. புக் செய்யும்போது 'க்ளோஸ்-அப் மேஜிக்' என்று சொல்லித்தான் புக் செய்கிறீர்கள். வந்து பார்த்தால் நான்கடி உயர மேடை, பின்னால் எல்.இ.டி. வால், எதிரே அறுநூறு நாற்காலி. 2019-இல் வந்த ஒரு ரூபாய் நாணயத்தின் குறுக்களவு 20 மில்லிமீட்டர். பத்து ரூபாயும் இருபது ரூபாயும் 27 மில்லிமீட்டர். நம்மிடம் இருக்கும் புழக்க நாணயங்களில் பெரியவை அவைதான். (ஆங்கிலப் புத்தகங்களில் உள்ள நாணய வித்தைகள் பெரும்பாலும் 30.6 மில்லிமீட்டர் அமெரிக்க அரை டாலருக்காக எழுதப்பட்டவை. உள்ளங்கைச் சதையில் கவ்விப் பிடிக்கும் பாமிங் நம் ஒரு ரூபாயில் ஏறவே ஏறாது, விரல் அடியில் ஒளிப்பதுதான் வழி.) பத்தாவது வரிசைக்கு அப்பால் அந்த நாணயம் வந்தாலும் தெரியாது, போனாலும் தெரியாது. முன்வரிசை சோபாவில் இருக்கும் பெரியவர்களுக்கோ தலைகீழ்ச் சிக்கல்: அவர்கள் கீழிருந்து மேலே பார்க்கிறார்கள், மார்பு உயரத்தில் இருக்கும் கையின் அடிப்பக்கம் அவர்களுக்குத் திறந்து கிடக்கிறது. ஆக, தூரத்தில் இருப்பவருக்கு வித்தை தெரிவதில்லை. பக்கத்தில் இருப்பவருக்கு ரகசியம் தெரிகிறது.

மேசை கேட்டால் வரவேற்பறையிலிருந்து கண்ணாடி டீப்பாய் வரும். கண்ணாடியில் கையின் அடிப்பக்கம் அப்படியே பிரதிபலிக்கும் என்று யாரும் நினைப்பதில்லை. அது இல்லாவிட்டால் சன்மைக்கா மேசைக்கு மேல் வழுக்கும் சாட்டின் துணி. நாணயத்தை வைத்தால் நழுவும். சீட்டை எடுக்க விரல் நுனி கீழே நுழையாது. இரண்டடிக்கு ஒன்றரை அடியில் தடித்த கம்பளித் துணி போதும், அதை நாங்களே கொண்டுவருகிறோம். சாதாரண மரமேசை ஒன்றுதான் வேண்டும், இடுப்பு உயரத்தில்.

மைக்கையும் சொல்லிவிடுகிறோம். கையில் பிடிக்கும் மைக்கை நீட்டி 'பேசிக்கிட்டே பண்ணுங்க சார்' என்கிறீர்கள். அர்ஜென்டினாவின் ரெனே லாவாந்த் ஒன்பது வயதில் வலது கையை இழந்தவர். ஒற்றை இடது கையால் சீட்டு வித்தை செய்து உலகத்தையே அசத்தினார். அவருக்கும் மைக் பிடிக்க இன்னொரு கை இருந்ததில்லை. காலர் மைக் ஒன்று கொடுங்கள்.

பார்ப்பவர் தோளுக்குப் பின்னால் நிற்கும் சோப்புக்குமிழி இயந்திரம் வேண்டாம். குமிழி வெடித்துக் கையில் படிந்தால் நாணயம் நழுவும், சீட்டு ஒட்டும். பின்னாலிருந்து அடிக்கும் போகஸ் லைட் வேண்டாம். ஒளி விரல் இடுக்கு வழியாக வந்து உள்ளே இருப்பதைக் காட்டிக்கொடுக்கும். ஏ.சி. காற்று நேரே விழும் இடம் வேண்டாம். ஏன் என்று சொல்ல மாட்டோம். தொழில் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

இதெல்லாம் போகட்டும். 'முயல் இல்லையா? புறா கூடவா இல்லை?' என்று கேட்பதையாவது நிறுத்துங்கள். விலங்குகளை வித்தைக்குப் பயன்படுத்தப் பதிவு வேண்டும் என்று 2001 முதல் விதி இருக்கிறது. அதற்கும் மொய்க் கவரில் ஒட்டிய ஒரு ரூபாயை வைத்துச் செய்யும் வேலைக்கும் சம்பந்தம் இல்லை. பி.சி. சர்க்கார் செய்தது பெரிய மேடைக்கான கலை: லாரி நிறைய சாமான், ஆட்கள், திரை, விளக்கு. கேரளத்தில் வாழக்குன்னம் நம்பூதிரி பேர் வாங்கியது செப்பும் பந்துமாகக் கை வேகத்தில். இரண்டும் மேஜிக்தான். ஒன்றைப் புக் செய்துவிட்டு மற்றதைக் கேட்பது நியாயமில்லை. அதேபோல பந்தி முடியும்வரை முப்பது குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை இல்லை. வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ஆள் வையுங்கள், தனியாகப் பணமும் வையுங்கள். பணம் என்றதும் இன்னும் நிறைய எழுத வருகிறது. இந்த மடல் அதற்கில்லை.

கோபத்தில் எழுதுவதாக நினைக்க வேண்டாம். எங்கே செய்தால் எடுபடும் என்பதையும் சொல்கிறோம். உங்கள் மண்டபத்தில் க்ளோஸ்-அப்புக்கு ஏற்ற இடம் மேடை அல்ல. மணமக்களைப் பார்க்க நிற்கும் வரிசை. அரை மணி, முக்கால் மணி என்று நிற்கிறார்கள். பாட்டு கேட்டாயிற்று, போனும் பார்த்தாயிற்று. இரண்டிரண்டு பேராக, நாலைந்து பேராக நிற்கும் அவர்களுக்கு எதிரே, சுவரை முதுகுக்கு வைத்துக்கொண்டு நாங்கள் நின்றால் முதுகுப் பக்கம் தானாகவே காலி. இரண்டு நிமிடத்துக்குள் முடியும் வித்தை: அவர்கள் தலைமுடியில் கட்டியிருக்கும் ரப்பர் பேண்டு இரண்டு விரலிலிருந்து அடுத்த இரண்டு விரலுக்குத் தாவும், மொய்க் கவரின் ஒரு ரூபாய் கடிகாரத்துக்கு அடியில் போய் இருக்கும், மோதிரம் கழன்று சாவிக்கொத்தில் மாட்டியிருக்கும். இப்போது யாரிடமும் சில்லறை இருப்பதில்லை, எல்லாம் ஜிபே. ஆனாலும் மொய்க் கவரும் மோதிரமும் சாவியும் எல்லாரிடமும் உண்டு. அது போதும். பந்தியில் மட்டும் வேண்டாம். சாப்பிடும் கையில் சீட்டைத் திணிப்பதும், பாயசம் வரும் நேரத்தில் 'ஒரு கார்டு நினைச்சுக்கங்க' என்பதும் எங்களுக்கே சகிக்காது.

கட்டாயம் மேடைதான், அறுநூறு பேரும் பார்க்க வேண்டும் என்றால், அதற்கேற்ற வித்தையைக் கேளுங்கள். க்ளோஸ்-அப் மேஜிக் கலைஞர் டோனி ஸ்லைடினி பேர்பெற வைத்த காகித உருண்டை வித்தை ஒன்று உண்டு. ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்து, டிஷ்யூ காகிதத்தைச் சுருட்டி அவர் கண் முன்னாலேயே ஒவ்வொன்றாக மறைய வைப்பது. உருண்டை அவர் தலைக்கு மேலாகப் பறப்பது கூட்டம் முழுக்கத் தெரியும். உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் தெரியாது. மாப்பிள்ளையை உட்காரவைத்தால் மண்டபமே சிரிக்கும். அதை எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தாலும் எங்களுக்குக் கவலை இல்லை. கிம்பலோடு நாள் முழுக்கச் சுற்றுங்கள்.

கைவித்தையை எல்.இ.டி. திரையில் காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் கேமராவை ட்ரைபாடில் போட்டு, பார்ப்பவர் உட்காரும் இடத்திலேயே வையுங்கள்: மேசையிலிருந்து நான்கைந்து அடி, உட்கார்ந்திருப்பவரின் கண் உயரம். ஃபிரேமுக்குள் முகமும் இரண்டு கையும் மேசையும் இருக்கட்டும். நடுவில் ஜூம் வேண்டாம், நகர்த்த வேண்டாம். பலகணியில் ஒரு கேமரா, மேலே ட்ரோன் என்று வைத்திருப்பவர்கள் அந்தப் பத்து நிமிடம் மட்டும் சாப்பிடப் போகலாம். பார்ப்பவர்கள் சிரிப்பதையும் திகைப்பதையும் எங்கள் தோள் பக்கமிருந்து எடுக்க ஆசை என்றால் வித்தைக்கு முன்பே சொல்லுங்கள். எந்த நொடியில் எடுக்கலாம் என்று சைகை காட்டுகிறோம். உங்களுக்கு நல்ல ஷாட் கிடைப்பதில் எங்களுக்கும் லாபம்தான்.

ஏற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை எங்களுக்கு அனுப்புங்கள். சட்டம் எங்களுக்குப் பெரிதாக உதவாது. அமெரிக்க மேஜிக் கலைஞர் டெல்லர் தொடுத்த வழக்கில் 2014-இல் வந்த தீர்ப்பில் கூட, மேடையில் அவர் நிகழ்த்திய வடிவத்துக்குத்தான் பதிப்புரிமை கிடைத்தது. வித்தையின் ரகசியத்துக்கு அல்ல. ஆகவே வழக்கு, வக்கீல் என்று மிரட்ட எங்களிடம் ஒன்றுமில்லை. கேட்டுக்கொள்ளத்தான் முடியும்.

அடுத்த முகூர்த்தங்களுக்கு இப்போதே தேதி பேசிக்கொண்டிருப்பீர்கள். எங்களில் யாரைப் புக் செய்தாலும் அட்வான்ஸ் பேசும் அதே போனில் இடம், மேசை, மைக், கேமரா நான்கையும் பேசிவிடுங்கள். அன்றைக்கு வீடியோ எடுக்கப்போகும் தம்பியின் எண்ணையும் கொடுங்கள், நாங்களே பேசிக்கொள்கிறோம். மற்றதெல்லாம் முன்னே பின்னே ஆனாலும் சமாளிப்போம். முதுகுப் பக்கம் மட்டும் காலியாக இருக்கட்டும், தயவுசெய்து.

இப்படிக்கு,
வரவேற்புகளில் கைவித்தை செய்யும் கலைஞர்கள் சிலர்