திருச்சிய வை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கெழம இணைப்புல வந்த ஆல் இந்தியா ரேடியோ கட்டுரைய படிச்சேன். நல்லாத்தான் எழுதிருந்தாரு, ஆனா ரெண்டு எடத்துல உறுத்துச்சு, சொல்லாம விட்டா எனக்கு மனசு ஆறாது.

மொத விஷயம் சின்னது. நம்ம நாட்டுல ரேடியோ 1927ல பம்பாய்ல ஆரம்பிச்சுதுன்னு ஒரே வரில முடிச்சுட்டாரு. அந்த வருஷம் ஜூலை 23ந்தேதி இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி பம்பாய்ல ஸ்டேஷன் தொறந்தது வாஸ்தவந்தான். ஆனா 1924 ஜூலை 31லயே நம்ம மெட்ராஸ்ல கிருஷ்ணசாமி செட்டியார்னு ஒருத்தர் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்புன்னு ஆரம்பிச்சு பாட்டும் பேச்சும் ஒலிபரப்பிட்டாரு, 40 வாட் டிரான்ஸ்மிட்டர், அதாவது எங்க வீட்டு தாழ்வாரத்துல எரியுற குண்டு பல்பு அளவுதான். பம்பாய் கல்கத்தாலயும் அதுக்கு முந்தியே கிளப்காரங்க பேசிப் பாத்திருக்காங்க, இல்லேங்கல, ஆனா நம்மாளு பேர ஒரு வரி போட்டிருக்கலாம்ல. காசு இல்லாம 1927ல கிளப்ப மூடுனப்ப அந்த மெஷின மெட்ராஸ் கார்ப்பரேஷனுக்கு குடுத்துட்டாங்க, கார்ப்பரேஷன் 1930லேந்து தானே ரேடியோ நடத்துச்சு, பீச்சுலயும் பார்க்குலயும் ஸ்பீக்கர கட்டி சாயங்காலத்துல ஜனங்க உக்காந்து கேட்டாங்க. குப்பை அள்ளுற கார்ப்பரேஷன் கச்சேரியும் போட்டுச்சுன்னு சொன்னா இப்ப யாரு நம்புவா. ஆல் இந்தியா ரேடியோங்கற பேரே 1936லதான் வந்துச்சு, மெட்ராஸ் ஸ்டேஷன் 1938 ஜூன்ல, எங்க திருச்சி ஸ்டேஷன் 1939 மே மாசத்துல. சரி இது போகட்டும்.

ரெண்டாவதுதான் முக்கியம். கட்டுரை முடியுற எடத்துல "மீடியம் வேவ் காலாவதியாகிவிட்டது, இனி செயலியே போதும்"னு எழுதிருக்காரு பாருங்க, அங்கதான் எனக்கு சுருக்குன்னுச்சு. மீடியம் வேவ்னா திருச்சி மாதிரி பழைய ஸ்டேஷனெல்லாம் வர்ற அலைதான். எழுதுனவரு டவுன்ல இருப்பாரு போல.

நான் பட்டுக்கோட்டைக்கு தெக்க தென்னந்தோப்பு வச்சிருக்கவன். 2018 நவம்பர் 16 விடியக்காலைல கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரைய கடந்துச்சு, எங்க ஊருக்கு காத்து வந்தப்ப மணி மூணு மூணரை இருக்கும், ஓடு பறக்குற சத்தம், அதுக்கு மேல மரம் முறியுற சத்தம், ஒண்ணு ரெண்டு இல்ல வரிசையா. விடிஞ்சு வெளில வந்தா தோப்பே இல்ல, அப்பா வச்ச மரமெல்லாம் ஒரே பக்கமா தலைய சாச்சு படுத்துக் கெடக்கு. கரண்ட் கம்பம் ஒண்ணுகூட நிக்கல, டவர் சாஞ்சுடுச்சு, ரோட்டுல மரம். சார்ஜ் இருந்த வரைக்கும் என் பையன் போன தூக்கிக்கிட்டு மொட்டமாடிக்கும் கீழுக்குமா அலைஞ்சான், அப்பறம் அதுவும் செத்துப்போச்சு. எங்களுக்கு கரண்ட் வர இருவத்தஞ்சு நாளு ஆச்சு. அதுக்குள்ள உங்க ஆப்ப எங்கேந்து போடறது.

அப்பத்தான் எங்க அம்மா பரண் மேல கெடந்த அப்பாவோட டிரான்ஸிஸ்டர ஞாபகப்படுத்துனாங்க. தோலுறை போட்ட பழைய செட்டு, பேட்டரி போடற எடத்துல பச்சையா களிம்பு பிடிச்சு கெடந்துச்சு, உப்புத்தாள வச்சு தேச்சு, சுவத்து கடியாரத்துலேந்து ஒண்ணு டார்ச்சுலேந்து ரெண்டுன்னு செல்ல உருவிப் போட்டு திருப்புனா கரகரன்னு ஒரு நிமிஷம், அப்பறம் 936 கிலோஹெர்ட்ஸ்ல திருச்சி ஸ்டேஷன். அந்த செட்டுக்கு ஒரு பக்கம்தான் காது கேக்கும், அதாவது கெழக்க பாத்து வச்சா ஒண்ணும் வராது, வடக்கு மேக்கா திருப்பி திண்ணைல ஒரு செங்கல்லுக்கு முட்டுக் குடுத்து வச்சோம். பக்கத்து வீட்டு சனமெல்லாம் திண்ணைக்கு வந்துட்டாங்க, மாநிலச் செய்திய அவ்வளவு அமைதியா எங்க தெருவுல கேட்டு நான் பாத்ததே இல்ல. பட்டுக்கோட்டைக்கு மட்டும் இல்ல, வேதாரண்யத்துல என்ன ஆச்சு, புதுக்கோட்டைல என்ன ஆச்சுன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. நமக்கு மட்டும்தான் இப்படின்னு நெனச்சுக்கிட்டு இருந்தோம் அதுவரைக்கும். பள்ளிக்கூடம் லீவுன்னு சொன்னப்ப பேரப்பசங்க மட்டும் கை தட்டுனாங்க.

எஃப்எம் இருக்கேம்பீங்க. எஃப்எம் நல்லாத்தான் கேக்கும், நான் கொற சொல்லல, நாட்டுலயே மொத எஃப்எம் 1977ல நம்ம மெட்ராஸ்லதான் வந்துச்சு, கோடை பண்பலை 100.5 எத்தன பேருக்கு உசுருன்னு எனக்கும் தெரியும். ஆனா எஃப்எம் நேரா பாக்குற தூரம் வரைக்கும்தான் வரும், கோடைக்கானல் மலை மேல நிக்கறதால அது அவ்வளவு தூரம் பாயுது, சமதளத்துல கோபுரம் நட்டா அம்பது அறுவது கிலோமீட்டர் தாண்டுனா இழுபறிதான். மீடியம் வேவ் அப்படி இல்ல, தரையோட தரையா தவழ்ந்து வரும், ஒரே டிரான்ஸ்மிட்டர் நாலஞ்சு ஜில்லாவ பாத்துக்கும், ராத்திரி ஆனா மேல வானத்துல முட்டி எகிறி இன்னும் தூரம் போவும். கடலுக்கு போற மல்லிப்பட்டினத்து ஆளுங்கள கேட்டுப்பாருங்க, கரை கண்ணுக்கு மறைஞ்சப்பறம் எது பேசும்னு. ஆல் இந்தியா ரேடியோவ நடத்துற பிரசார் பாரதி நாடு முழுக்க பழைய மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர ஒவ்வொண்ணா நிறுத்திக்கிட்டு வருது. கரண்ட் செலவு, ஸ்பேர் கெடைக்கல, கேக்கறவங்க கொறஞ்சுட்டாங்க, எல்லாம் நியாயமான காரணம்தான். ஆனா புயல் வர்ற கரையையும் வராத ஊரையும் ஒரே தராசுல போட்டா எப்படி. டிஆர்எம்னு டிஜிட்டல் ஒண்ணு கொண்டுவந்தாங்க, அதே மீடியம் வேவ்ல பளிச்சுன்னு கேக்குமாம், அதுக்கான செட்ட எங்க ஊரு கடைல நான் கண்ணால பாத்ததில்ல.

இந்த ரேடியோவுக்கும் எங்க சனத்துக்கும் உள்ள கணக்கு கட்டுரைக்காரருக்கு தெரியல போல, அதனால ஒண்ணு சொல்றேன். 60கள்ல ஆடுதுறை 27ன்னு ஒரு நெல்லு வந்துச்சு, குறுகிய காலப் பயிரு. குறுவைக்கு அத போடு, எத்தன மூட்டை யூரியா போடு, எப்ப களை எடுன்னு திருச்சி ரேடியோ நாள் தவறாம சொல்லுச்சு, கிராமத்துல மன்றம் வச்சு கூட்டமா கேட்டாங்க, கேட்டு கேட்டு எங்க தஞ்சாவூர் ஜில்லா முழுக்க அந்த நெல்லுக்கு பேரே ரேடியோ நெல்லுன்னு ஆயிடுச்சு. ஆபீசர் வச்ச பேரு இல்ல, விவசாயி வச்ச பேரு. எங்க தாத்தா மொதல்ல நம்பல, ரேடியோக்காரன் வயல்ல எறங்குனவனான்னு கேட்டாராம், பக்கத்து கொல்லைல வெளஞ்சத பாத்துட்டு அடுத்த வருஷம் அவரும் போட்டாரு. தென்கச்சி சுவாமிநாதன எல்லாருக்கும் இன்று ஒரு தகவல் கதைக்காகத்தான் தெரியும், அவரே விவசாயம் படிச்சுட்டு திருநெல்வேலி ஸ்டேஷன்ல விவசாய நிகழ்ச்சி பண்ணவருதான், அதான் அந்த பேச்சுல மண்ணு வாசன.

கண்ண மூடிக்கிட்டு புகழல. எமர்ஜென்சில ஆல் இந்திரா ரேடியோன்னு சனங்க கிண்டல் பண்ணுச்சு, அது சும்மா வந்த பேரு இல்ல. 1997ல பிரசார் பாரதின்னு தனி அமைப்பு ஆக்கியும் செய்தின்னா மொதல்ல மந்திரி என்ன சொன்னாருங்கறதுதான் வருது. 50கள்ல கேஸ்கர்னு ஒரு மந்திரி சினிமா பாட்டுக்கு கெடுபிடி பண்ணப்போயி மொத்த நாடும் ரேடியோ சிலோனுக்கு முள்ள திருப்பிடுச்சு, அப்பறம் முழிச்சுக்கிட்டு 1957ல சினிமா பாட்டு போடற விவித் பாரதிய ஆரம்பிச்சாங்க, ஆனா எங்க வீட்டுல சிலோன் பழக்கம் 80கள் வரைக்கும் போகல. காலைல 6.55க்கு சமஸ்கிருத செய்தி, அத வாசிக்கற பலதேவானந்த சாகரங்கற பேரு மட்டும் எங்க தலைமுறை மொத்தத்துக்கும் மனப்பாடம், மத்தது ஒரு எழுத்து புரியாது, அது முடிஞ்சா பள்ளிக்கூடம் கெளம்ப நேரம்னு அர்த்தம், அவ்வளவுதான் அதோட பிரயோஜனம். அப்பறம் 7.15க்கு டெல்லிலேந்து தமிழ்ச் செய்தி வாசிக்கற சரோஜ் நாராயண்ஸ்வாமி, அவங்க குரல்ல கெட்ட செய்திகூட கொஞ்சம் மரியாதையா வரும்.

2023ல ஆல் இந்தியா ரேடியோன்னு சொல்லக்கூடாது, ஆகாசவாணின்னுதான் சொல்லணும்னு உத்தரவு வந்து நம்ம ஊருல எதிர்ப்பு கெளம்புச்சு, கட்டுரைல அத பெருசா போட்டிருந்தீங்க. எனக்கு வானொலிங்கற பேருதான் பிடிக்கும், அதுல சந்தேகமே இல்ல, ஆனா எங்க வீட்டுல மூணு பேரயும் யாரும் சொன்னதில்ல. "திருச்சிய வைடா"ம்பாரு அப்பா, அவ்வளவுதான். அந்த திருச்சிக்குத்தான் போஸ்ட் ஆபீஸ்ல லைசென்ஸ் கட்டுனோம், சின்ன புத்தகம், வருஷா வருஷம் ஸ்டாம்ப் ஒட்டி முத்திரை குத்துவாங்க, அந்த புத்தகத்த அப்பா நெலத்து பத்தரத்தோட ஒரே பெட்டில வச்சிருந்தாரு.

அதனால கேக்கறது ஒண்ணுதான், கரையோர ஜில்லாவுக்காவது ஒரு பெரிய மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர நிறுத்தாம வச்சிருக்க சொல்லி உங்க பத்திரிகைல ஒரு தலையங்கம் எழுதுங்க. நான் ரெண்டு கடுதாசி போட்டுப் பாத்தேன், பதில் இல்ல.

போன மாசம் புதுசா ஒரு செட்டு வாங்கலாம்னு பட்டுக்கோட்டைல கடை கடையா ஏறுனேன், மீடியம் வேவ்னு சொன்னா பையன் முழிக்கிறான், புளூடூத் ஸ்பீக்கர எடுத்து வைக்கிறான், இதுலயும் ரேடியோ வரும் ஐயாங்கறான். கடைசில பழசையே கடைத்தெருவுல மிக்ஸி ரிப்பேர் பண்றவர்ட்ட குடுத்துருக்கேன், டயல் கயிறு அறுந்து முள்ளு நகர மாட்டேங்குது. மழைக்காலத்துக்குள்ள வேணும்னேன். வெள்ளிக்கெழம வரச் சொல்லிருக்காரு.

இப்படிக்கு,
பட்டுக்கோட்டை பக்கத்துலேந்து ஒரு பழைய நேயர்