சீதன உறுதியைக் கைமாற்றுமுன் பிரதி எடுத்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்துக் காணிகளைக் கொழும்பில் இருந்தபடியே விற்கின்ற நம்மவர்கள், விற்பனை முடியும் நாளில் வாங்குபவரின் கையில் கொடுத்துவிடும் பழைய உறுதிகளின், அதாவது காணிப் பத்திரங்களின், கட்டைப் பற்றித் தங்கள் பத்திரிகை வாயிலாகச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். முப்பத்தெட்டு ஆண்டுகள் பத்திரங்களை எழுதிச் சான்றுபடுத்தும் நொத்தாரிசு ஒருவரின் அலுவலகத்தில் எழுதுவினைஞனாக இருந்து, உறுதி எழுதுவதிலும் உரித்துத் தேடுவதிலும் காலத்தைச் செலவிட்டவன் நான். அவ்வளவு காலமும் என் கண்ணில் படாத ஒன்றை, அமெரிக்கக் கமக்காரக் குடும்பம் ஒன்றின் வம்சாவளியைப் படிக்கப் போய்த்தான் அறிந்துகொண்டேன்.

என் மகள் மணம் முடித்திருப்பது நெப்ராஸ்கா மாநிலத்தவர் ஒருவரை. என் சம்பந்தி சோளமும் சோயாவும் பயிரிட்டு ஓய்வுபெற்றவர். தம்முடைய முன்னோர் எங்கிருந்து, எந்த வழியாக அந்த நிலத்துக்கு வந்து சேர்ந்தார்கள் என்பதைப் பதினொரு ஆண்டுகளாகத் தேடி வருகிறார். எனக்குக் காணிப் பத்திரங்கள் வாசிக்கத் தெரியும் என்று மகள் சொன்னதிலிருந்து, தாம் சேகரித்த பிரதிகளை ஒவ்வொன்றாக வெள்ளவத்தைக்கு அனுப்பத் தொடங்கினார். அந்தக் குடும்பம் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் பகுதியில் தொடங்குகிறது. மானிப்பாயில் தமிழிலேயே மேலைமருத்துவம் கற்பித்த வைத்தியர் சாமுவேல் கிரீன் 1822 இல் பிறந்ததும் அதே வூஸ்டரில்தான் என்பதால், முதல் பத்திரத்திலேயே அந்த ஊர் எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. அங்கிருந்து அவர்கள், 1825 இல் ஈரி கால்வாய் திறக்கப்பட்ட பின்னர், நியூயோர்க் மாநிலத்தின் மேற்குப் பகுதிக்குப் போய், அடுத்த தலைமுறையில் அயோவாவுக்கும், அதற்கடுத்த தலைமுறையில் நெப்ராஸ்காவுக்கும் நகர்ந்திருக்கிறார்கள்.

நெப்ராஸ்காவில் அவர்களுக்கு நிலம் கிடைத்தது, ஜனாதிபதி லிங்கன் 1862 மே 20 ஆம் திகதி ஒப்பமிட்ட குடியேற்ற நிலச் சட்டத்தின் கீழாகும். விண்ணப்பித்தவர் 160 ஏக்கரில் ஐந்து ஆண்டுகள் குடியிருந்து பயிர் செய்ததை நிரூபித்தால், சிறு கட்டணத்துடன் அந்த நிலம் அவருக்குச் சொந்தமாகும். அந்த நிரூபணத்துக்காக அயலவர் இருவர் சொன்ன சாட்சியம் இன்றும் விண்ணப்பக் கோவையில் இருக்கிறது: புல்வேரோடு வெட்டிய மண்கட்டிகளை அடுக்கிக் கட்டிய வீடு, பதினான்கு அடிக்குப் பதினாறு அடி, ஒரு கதவு, இரண்டு சன்னல்கள், ஒரு கிணறு, உழுது திருத்திய நிலம் முப்பது ஏக்கர். ஒரு சாதாரண கமக்காரரின் வீட்டுச் சன்னல்களை எண்ணிப் பதிந்த ஓர் அரசாங்கக் கடதாசியை என் தொழில் வாழ்வில் நான் கண்டதில்லை. அந்த நிலம் அதற்கு முன்னர் ஆளில்லாமற் கிடந்த நிலமன்று. பவ்னீ, ஒட்டோ, ஒமாகா முதலிய மக்களிடமிருந்து ஒப்பந்தங்களின் பெயரால் பறிக்கப்பட்டதே. தாம் எழுதும் குடும்ப வரலாற்றின் முதற் பக்கத்தில் என் சம்பந்தி அதை எழுதி வைத்திருக்கிறார். காணி இழந்த ஒரு சமூகத்தைச் சேர்ந்தவன் என்ற முறையில் அதற்காக அவரை நான் மதிக்கிறேன்.

இனி, நான் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறேன். ஆண்களின் வழியை இத்தனை துல்லியமாகக் காட்டும் அந்தக் கடதாசிகளில், பெண்களின் வழி திரும்பத் திரும்ப அறுந்துபோகிறது. அமெரிக்காவில் 1790 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை குடிசனக் கணக்கெடுப்பு நடந்துவந்தாலும், 1840 வரையான ஏடுகளில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே உண்டு. மனைவியும் பிள்ளைகளும் இன்ன வயதுப் பிரிவில் இத்தனை பேர் என்ற எண்ணிக்கையாக நின்றுவிடுகிறார்கள். அடிமைகளாக இல்லாத எல்லோரும் பெயரோடு எழுதப்பட்டது 1850 இலிருந்துதான். 1850 முதல் 1880 வரை தனியாக எடுக்கப்பட்ட விவசாயக் கணக்கில், ஒவ்வொரு பண்ணையிலும் எத்தனை பசுக்கள், எத்தனை புசல் கோதுமை, எத்தனை இறாத்தல் வெண்ணெய் என்றெல்லாம் விவரம் இருக்கிறது. அந்த வெண்ணெயைக் கடைந்தவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணாகவே இருந்திருப்பார். ஏட்டில் அது கணவரின் பெயருக்கு நேரே எழுதப்பட்டிருக்கிறது. 1890 ஆம் ஆண்டு ஏடுகளோ, 1921 ஜனவரியில் வொஷிங்டனில் மூண்ட தீயில் பெரும்பாலும் கெட்டுப்போய், எஞ்சியவையும் பின்னர் அழிக்கப்பட்டன. இந்த வரியைப் படித்தபோது எனக்கு 1981 இன் யாழ்ப்பாண நூலகம்தான் கண்முன் வந்தது.

ஓர் இடத்தில் அந்த ஏடுகள் பெண்ணிடம் நேரடியாக ஒரு கேள்வி கேட்கின்றன. 1900 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு தாயிடமும் பெற்ற பிள்ளைகள் எத்தனை, உயிரோடு இருப்பவர்கள் எத்தனை என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். நெப்ராஸ்காவின் மண்கட்டி வீட்டில் வாழ்ந்த அந்தப் பெண்ணின் பெயருக்கு எதிரே ஒன்பது என்றும் ஐந்து என்றும் இரண்டு இலக்கங்கள் இருந்தன. அன்று அதற்குமேல் எனக்கு எதையும் வாசிக்க முடியவில்லை.

அந்தப் பெண்ணின் மாமியார், நியூயோர்க் மாநிலத்தில் 1830களில் மணம் முடித்தவர், இன்றுவரை வெறும் மேரிதான். மசாசூசெட்ஸ் ஊர்கள் 1600களிலிருந்தே பிறப்பையும் திருமணத்தையும் எழுதி வைத்தன. நியூயோர்க் மாநிலத்தில் ஒழுங்கான பதிவு 1880களில்தான் தொடங்கியது. ஆகவே மேரி யாருடைய மகள் என்பதற்குப் பதிவு இல்லை. அவரது கல்லறைக் கல்லில் 'இன்னாரின் மனைவி' என்றே பொறிக்கப்பட்டிருக்கிறது. கணவர் நிலம் விற்ற உறுதியில் மேரி வருகிறார்: கணவர் அருகில் இல்லாதபோது தனியாக விசாரிக்கப்பட்டதாகவும், எந்த அச்சமும் வற்புறுத்தலும் இன்றித் தம் உரிமையை விட்டுக்கொடுத்ததாகவும் ஒரு வாசகம் இருக்கிறது. அங்கேயும் பிறந்த வீட்டுப் பெயர் இல்லை. மேரியின் தகப்பன் எழுதிய மரணசாசனம் ஏதேனும் ஒரு மாவட்ட நீதிமன்றப் பெட்டகத்தில் கிடைக்காதா என்று என் சம்பந்தி பதினொரு ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருக்கிறார்.

இந்த நிலையில், எங்கள் வீட்டில் தப்பிப் பிழைத்த ஒரேயொரு பழைய உறுதியை நான் வெளியே எடுத்தேன். என் அம்மம்மாவுக்கு 1909 இல் எழுதிய சீதன உறுதி அது. மடிப்புகளில் கிழிந்து, ஓரத்தில் செல்லரித்த தடித்த தாள். வலிகாமத்தில் ஒரு தோட்டக் காணி, எட்டுப் பரப்பு. கிழக்கு ஒழுங்கை, வடக்கு இன்னாரின் மனைவி இன்னாருடைய காணி, மேற்கு பங்குக் கிணறும் வாய்க்காலும், தெற்கு இன்னாரும் பங்காளரும் என்று எல்லை சொல்லப்பட்டிருக்கிறது. நாற்றிசையிலும் மனிதர்கள் நிற்கிறார்கள். வூஸ்டரின் பழைய உறுதிகளும் இப்படியே ஓக் மரத்தையும் கற்குவியலையும் அயலவரின் வேலியையும் சொல்லி எல்லை கட்டுகின்றன. 1785 இன் நிலச் சட்டத்துக்குப் பின்னர் மேற்கே போன இடங்களில் ஆறு மைல் சதுரம், அதற்குள் 640 ஏக்கர் கொண்ட முப்பத்தாறு பிரிவுகள் என்று எல்லாமே இலக்கங்களாகிவிட, அயலவர் உறுதியிலிருந்து மறைந்துபோகிறார்கள்.

என்னை நிறுத்தியது எல்லைப் பகுதியன்று, அதற்கு முந்திய வாசகம். காணியைக் கொடுக்கும் தாயார், அது தமக்குத் தம் தாயாரிடமிருந்து இன்ன இலக்க உறுதிப்படி சீதனத்தால் உரித்தாகி ஆண்டனுபவித்து வருவது என்று சொல்லி, மகளுக்குக் கொடுக்கிறார். மகள், தாய், தாயின் தாய் என மூன்று தலைமுறைப் பெண்கள் ஒரே வாக்கியத்தில் பெயரோடு இருக்கிறார்கள். அந்த மூன்றாவது பெயரை எங்கள் வீட்டில் எவரும் சொல்லி நான் கேட்டதேயில்லை. காணொளியில் அந்த வரியை நான் வாசித்து ஆங்கிலத்தில் விளக்கியபோது, என் சம்பந்தி இரண்டாம் முறையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, மேரிக்கு இப்படி ஒரு தாள் இருந்திருந்தால் என்று மட்டும் சொன்னார்.

1707 இல் ஒல்லாந்தர் எழுத்தில் வடித்த, 1806 இல் ஆங்கிலேயர் உறுதிப்படுத்திய, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையில், முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து) என்று சொத்து வேறு வேறாகப் பிரிக்கப்பட்டு, சீதனம் பெண்ணின் சொத்தாகவே நின்றது. அதை விற்கக் கணவரின் சம்மதம் வேண்டுமென்ற தளை இருக்கிறது என்பதையும், சீதனத்தின் பெயரால் எத்தனையோ பெண்களின் வாழ்வு நசுங்கியது என்பதையும் நான் மறக்கவில்லை. அந்த வழக்கத்துக்கு நான் வக்காலத்து வாங்கவும் வரவில்லை. அதன் பொருட்டு எழுதப்பட்ட தாள்கள் நம் பாட்டிமாரின் பெயர்களைக் காத்து வைத்திருக்கின்றன என்பதே என் பேச்சு. 1840 இன் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காணிக் கைமாற்றத்துக்கு நொத்தாரிசையும் இரு சாட்சிகளையும் கட்டாயமாக்கியதால், அந்தப் பெயர்களுக்குச் சாட்சியும் உண்டு. பேரனுக்குப் பாட்டனின் பெயரை இடுகின்ற நம் வழக்கத்தில், பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதன் திரிபாக இருக்க, ஆண் பெயர்களை மட்டும் வைத்து வம்சம் எழுதுபவர்கள் ஒரே பெயருள்ள இருவரைக் குழப்பிக்கொள்வது நிச்சயம். அவர்களைப் பிரித்துக் காட்டுவது மனைவியின் பெயரும் அவருடைய சீதனக் காணியுமே.

மலையகத்திலிருந்து வந்து கொழும்பில் வாழும் தமிழருக்கு இந்த வழி இல்லை என்பதை அறிவேன். அவர்களைக் காணி உரிமையில்லாமல் வைத்திருந்ததோடு, 1948 இன் குடியுரிமைச் சட்டம் தகப்பன் அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததை நிரூபி என்று அவர்களிடமே கேட்டது. அவர்களுடைய தேடல் தோட்டத்துச் செக்ரோலிலிருந்து, அதாவது தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டிலிருந்து, தொடங்க வேண்டியது. அதை அறிந்தவர்கள் எழுதினால் நானும் படிக்கக் காத்திருக்கிறேன்.

வடக்கிலிருந்து வந்தவர்களைப் பொறுத்தவரை, 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் வெளியேறியபோதுகூட அடையாள அட்டையோடு உறுதிப் பையையும் கையில் எடுத்து வந்தவர்கள் நாம். அந்தப் பையை இன்று நாமே கலைக்கிறோம். எங்கள் பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டக் கொடுத்தபோது, தகரப் பெட்டி ஒன்றிலிருந்த பழைய உறுதிகள் பத்திரிகைக் கட்டுகளோடு சேர்ந்து நிறுவைக்குப் போய்விட்டன; நான் வீட்டில் நின்றும் பார்க்கத் தவறினேன். இந்தத் துயரம் எனக்கு ஆறவில்லை.

காணி விற்கும்போது மூல உறுதிகளை வாங்குபவரிடம் ஒப்படைப்பது முறையே. அதை மறுக்கும்படி நான் சொல்லவில்லை. கொடுக்குமுன், தாளின் இருபக்கத்தையும் பிரதி எடுங்கள். பலர் முன்பக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்; பின்பக்கத்தில் உள்ள காணிப் பதிவகக் குறிப்பில்தான் பதிவுத் தொகுதியும் பக்க இலக்கமும் இருக்கும், அவை இருந்தால் மூலத் தாள் தொலைந்த பின்னரும் பதிவேட்டில் தேட வழியுண்டு. உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகிய மூன்றையும் தனியாக ஒரு கொப்பியில் எழுதுங்கள். பழைய கையெழுத்தை வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே அவர்களைக் கொண்டு 'உரித்து வந்த விதம்' என்ற பகுதியை உரக்க வாசிக்கச் செய்து, அதில் வரும் பெண்களின் பெயர்களை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். வாசிக்க ஆளில்லாதவர்கள் வெள்ளவத்தையில் என்னிடம் கொண்டுவரலாம். தங்கள் அலுவலகம் வழியாக எழுதினால் நான் பதில் தருவேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற நொத்தாரிசு அலுவலக எழுதுவினைஞர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6