சோழவரம் பழைய ரேஸ் டிராக் அருகே வேகத்தடை கேட்டு நான்காவது மனு

பெறுநர்: சாலைப் பராமரிப்புக்குப் பொறுப்பான அதிகாரி அவர்கள்

அனுப்புநர்: பழைய ஓடுதளத்தை ஒட்டிய தெருவாசிகள் சார்பில், ஓய்வுபெற்ற டூவீலர் மெக்கானிக்

பொருள்: தெருமுனையில் இரண்டு வேகத்தடையும் ஒரு விளக்கும் கோருதல் தொடர்பாக

பார்வை: எனது முந்தைய மூன்று மனுக்கள் (பதில் இல்லை)

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். செங்குன்றம் தாண்டி வரும் எங்கள் ஊரைத் தாங்கள் அறிவீர்கள். நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து ஓடுதளத்தின் பக்கமாகப் போகும் சாலையைத்தான் சொல்கிறேன். போன மாதம் தங்கள் ஜீப் அங்குள்ள பள்ளத்தில் இறங்கி ஏறியதை டீக்கடையிலிருந்து பார்த்தோம்.

1. வேகத்துக்குப் பயந்த ஊர் இல்லை இது. இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஓடுதளத்தில் 1950களிலிருந்து மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ரேஸ் நடத்திவந்தது. பையனாக இருந்தபோது நான் அங்கே வைக்கோல் கட்டு சுமந்திருக்கிறேன். ரேஸ் கார் வடிவமைத்த கோயம்புத்தூர் கரிவர்தனின் கார்களையும், விஜய் மல்லையா ஓட்டிய பார்முலா ஒன் காரையும் வேலியோரம் நின்று பார்த்திருக்கிறேன். விமானத்துக்குப் போட்ட தளம் அல்லவா, நேர்ப் பாதையில் வண்டி பிய்த்துக்கொண்டு போகும். முனையில் பிரேக்கைத் தாமதமாகப் பிடித்தவன் வைக்கோலில் போய்ச் சொருகுவான். தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்து வருவான், நாங்கள் கை தட்டுவோம்.

2. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. டிராக் திறந்ததும் ரேஸ் அங்கே போய்விட்டது. சரி, நல்லதுக்குத்தான். (எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு, அது வேறு.)

3. ஆனால் வேகம் மட்டும் போகவில்லை, எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டது. சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு மேல் சைலன்சரைக் கழற்றிய பைக்குகள் பத்துப் பதினைந்து வரும். ஒருவன் வீலிங் அடிப்பான், இன்னொருவன் செல்போனில் படம் பிடிப்பான். டிராக்கில் கொடி காட்ட ஆள் இருந்தது, ஆம்புலன்ஸ் நின்றது. இங்கே இருப்பது என் வீட்டுத் திண்ணை. போன ஐப்பசியில், ஞாயிறு விடியற்காலை நாலரை மணிக்கு, தூக்குவாளியோடு பால் வாங்கப் போன என் மனைவியை ஒரு வண்டி தட்டிவிட்டுப் போனது, நிற்கவில்லை. விளக்கில்லாத முனையில் வண்டியின் நிறம்கூடத் தெரியவில்லை. இடுப்பெலும்பு முறிந்து பிளேட் வைத்திருக்கிறது. இப்போது அவளால் குனிந்து கோலம் போட முடியாது. நாற்காலியில் உட்கார்ந்தபடி அவள் சொல்லச் சொல்ல நான் போடுகிறேன். புள்ளி நேராக வருவதில்லை. ‘அந்தப் பக்கம், அந்தப் பக்கம்’ என்பாள், அப்புறம் பேசாமல் இருந்துவிடுவாள். நசுங்கிய தூக்குவாளியை இன்னும் தூக்கிப் போடவில்லை. தாங்கள் கேட்டால் கொண்டுவந்து காட்டுகிறேன்.

4. அந்த முனையைத் தாண்டித்தான் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

5. முதல் மனுவுக்கு ரசீது கொடுத்தார்கள், அதில் எழுத்து மங்கிவிட்டது. இரண்டாவதற்கு ‘ஆய்வில் உள்ளது’ என்று வாயால் சொன்னார்கள். மூன்றாவதை வாங்கியவர் மாற்றலாகிப் போய்விட்டாராம். ஐயா, ரேஸ் நாளில் இருட்டுவதற்குள் அத்தனை வைக்கோல் கட்டுகளையும் நாங்கள் பையன்களாகவே அடுக்கி முடித்திருக்கிறோம். இரண்டு மேடு போட இன்னும் எத்தனை பேர் இடுப்பு உடைய வேண்டும்? மரியாதைக் குறைவாகத் தோன்றினால் மன்னிக்கவும். ஆனால் இந்த வரியை அடிக்க மாட்டேன்.

6. பையன்களைப் பிடித்து உள்ளே போடுங்கள் என்று கேட்கவில்லை. அந்த வயதில் எனக்கும் அந்தச் சத்தம் பிடிக்கும். வேகத்தடை இருந்தால் அந்த முனைக்கு வரும்போது வேகத்தைக் குறைத்துத்தான் ஆக வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே ஐயா, இரண்டு வேகத்தடை, ஒரு விளக்கு. தயவுசெய்து இந்த மாதத்துக்குள். மேட்டில் வெள்ளைக் கோடு அடிக்கப் பெயின்ட் நாங்களே வாங்கித் தருகிறோம், பிரஷ்ஷும் இருக்கிறது. விளக்கை மட்டுமாவது முதலில் போடுங்கள் ஐயா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தெருவாசிகள் சார்பில்

இணைப்பு: மங்கிய ரசீதின் நகல் – 1