கனவைக் கேட்க ஒருவரை நியமியுங்கள்

வன்னிப் பகுதியின் உளநலச் சேவைக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் வைத்தியசாலையின் உளவளத் துணையாளர் இடமாற்றம் பெற்றுச் சென்றதும், அந்த இடம் இன்றுவரை நிரப்பப்படாததும் தாங்கள் அறிந்தவையே. கடந்த கிளினிக் நாளில் என் அக்காவிடம் ஒரு மாதத்துக்கான நித்திரைக் குளிசைகளைக் கொடுத்து, "முடிஞ்சதும் வாங்கோ" என்று அனுப்பிவிட்டார்கள். என்ன கனவு காண்கிறார் என்று எவரும் கேட்கவில்லை; கேட்பதற்கு அங்கே ஆளும் இல்லை.

அக்கா, 2009 மே மாதத்தில் தன் சிறுவயது மகனின் கையைப் பிடித்துக்கொண்டு முல்லைத்தீவின் வட்டுவாகல் வழியாகப் போர்முனையிலிருந்து வெளியே வந்தவர். அந்த மகன் நலமாக இருக்கிறான், கொழும்பில் வேலை செய்கிறான். ஆனால் கனவில் அந்தக் கை ஒவ்வொரு முறையும் நழுவிப் போகிறது. அன்று எது நடந்துவிடுமோ என்று நடுங்கினாரோ, அதுவே இரவில் நடந்து முடிகிறது. பதறி எழுந்து, நேரம் பாராமல் மகனுக்குத் தொலைபேசி எடுப்பார். அவன் குரலைக் கேட்ட பிறகும் பாயில் சாயாமல், சுவரில் முதுகை வைத்தபடி விடியும்வரை இருப்பார். குளிசை போட்ட இரவுகளிலும் கனவு வருகிறது. அதிலிருந்து சட்டென்று எழும்பத்தான் முடிவதில்லை என்கிறார்.

இது அக்காவுக்கு மட்டும் வந்த விசித்திரம் அன்று. வன்முறைக்கு நடுவே வளர்ந்த குர்தியச் சிறுவர்களையும் பின்லாந்துச் சிறுவர்களையும் ஒப்பிட்டு 2005இல் வெளியான ஆய்வொன்று, முன்னவர்களின் கனவுகளில் ஆபத்துகள் கூடுதலாகவும் கடுமையாகவும் வருவதைக் காட்டியது. கொடுங்கனவின் போக்கை விழித்திருக்கும்போது மாற்றி அமைத்து, அந்தப் புதிய கனவை நாள்தோறும் மனத்துக்குள் ஒத்திகை பார்க்கச் செய்யும் சிகிச்சையும் உண்டு. அதற்கு இறக்குமதி மருந்து வேண்டியதில்லை. தமிழில் பொறுமையாகக் கேட்கத் தெரிந்த, பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டும். அந்த ஒருவரைத்தான் கேட்கிறோம்.

நல்லிணக்கப் பயிலரங்குகளுக்கும் பதாகைகளுக்கும் இங்கே குறைவில்லை. மதியச் சாப்பாடுகூட நன்றாகவே இருக்கும். போர் முடிந்துவிட்டது என்று மேடையில் சொல்பவர்கள் பகலில் வந்து பகலிலேயே திரும்பிவிடுவதால், இவ்வூரின் இரவுகளை அவர்கள் அறிய நியாயமில்லை. கடுமையாக எழுதிவிட்டேனானால் பொறுத்தருளவும்.

வெற்றிடத்துக்கு நிரந்தரமாக ஒருவரை நியமிக்குமாறும், அதுவரை அயல் வைத்தியசாலையிலிருந்து வாரத்தில் ஒரு நாளாவது ஒருவரை அனுப்ப இயலுமா என்பதை அடுத்த கிளினிக் நாளுக்கு முன்பாக எழுத்தில் அறியத் தருமாறும் தாழ்மையுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கிளினிக்குக்கு அக்காவை அழைத்து வரும் தங்கை