செவலைக்கு வீடு அமைந்தது: கடலூர், பண்ருட்டி அன்பர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் நாய்க் காப்பகத்தில் நெடுநாள் இருந்த செவலை என்ற பெண் நாய், பண்ருட்டிக்கு மேற்கே ஒரு முந்திரித் தோப்பு வீட்டில் குடியேறிவிட்டாள். ஆளைக் கண்டால் மூலையில் ஒடுங்குவாள். கயிற்றில் இருக்கும்போது வேறு நாயைப் பார்த்தால் பாய்வாள். கழுத்துப் பட்டையை யாராவது பிடித்தால் திரும்பிக் கவ்வுவாள். இப்படிப்பட்ட நாய்க்கு வீடு தேடுவது என்றால் பொருந்தாத வீடுகளை ஒவ்வொன்றாகக் கழிப்பதுதான். கைகொடுத்தவர்களில் பெரும்பாலோர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், செய்த காரியத்தைச் சொல்லி நன்றி சொல்கிறோம். இதே போன்ற நாயை வைத்துக்கொண்டு வழி தெரியாமல் இருப்பவர்களுக்கும் உதவும் என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறோம்.

முதல் நன்றி, "எங்களுக்குச் சரிவராது" என்று மறுத்தவர்களுக்கு. அறிவிப்பிலேயே எல்லாவற்றையும் போட்டிருந்தோம்: வயது சுமார் மூன்று, பெண், கருத்தடை ஆகி அதன் அடையாளமாகக் காதில் வெட்டு உள்ளது, இன்ன இன்ன நேரத்தில் கவ்வுவாள், 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளோ வேறு நாயோ இருக்கும் வீடு வேண்டாம் என்று. மஞ்சக்குப்பத்தில் அடுக்குமாடியில் இருக்கும் ஒரு குடும்பம் ஆசையோடு வந்தது. படிக்கட்டில் எதிரே ஒரு நாய் இறங்கினால் ஒதுங்க மூன்றடி இடம் கூடக் கிடையாது என்பதை நேரில் நின்று பார்த்துவிட்டு, அவர்களே வேண்டாம் என்றார்கள். சனி, ஞாயிறு பேரப்பிள்ளைகள் வருவார்கள் என்பதை மறைக்காமல் சொன்ன பெரியவருக்கும் நன்றி. பாவம் பார்த்து அழைத்துப்போய் பத்தாம் நாள் திருப்பி அனுப்பினால், அந்த நாய் மனிதர்களை முன்பைவிடக் குறைவாக நம்பும். அடுத்த வீடு கிடைப்பதும் கடினமாகிவிடும்.

"நல்லா குரைக்குதே, தோட்டத்துக் காவலுக்குச் சங்கிலியில் கட்டிப் போடுகிறோம்" என்று கேட்டவர்களுக்குக் கொடுக்கவில்லை. பயந்த நாய்க்கு முதலில் தோன்றுவது ஓடிவிடலாம் என்பதே. சங்கிலி அதைத் தடுத்தால் கடிப்பது ஒன்றுதான் மிச்சம்.

அடுத்து கால்நடை மருத்துவர் அம்மாவுக்கு. குணத்தைப் பேசும் முன் உடம்பைப் பார்க்க வேண்டும் என்றவர் அவர். காது, பல், இடுப்பு எல்லாம் பார்த்து, ரத்தமும் எடுத்தார். உண்ணி காய்ச்சல் இருந்தது. நம் ஊர் வெயிலில் உண்ணிக்கு ஓய்வே இல்லை. இந்தக் காய்ச்சலில் மூட்டு வலிக்கலாம், மூட்டு வலிக்கிற நாய் தொட்டால் சீறத்தான் செய்யும். டாக்ஸிசைக்ளின் மாத்திரை 28 நாள், ஒரு வேளை விடாமல். தயிர் சோற்றில் ஒளித்துக் கொடுக்கும் நம் வழக்கம் இந்த மருந்துக்கு ஆகாது, பாலும் தயிரும் சேர்ந்தால் மருந்து உடம்பில் முழுதாகச் சேராது. ஈரலில் பொதிந்து கொடுக்கச் சொன்னார். அதன் பிறகுதான் பயத்துக்கு ஃப்ளூவாக்செட்டின் எழுதினார். அது வேலை செய்வது தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும், நடுவில் சட்டென்று நிறுத்தவும் கூடாது. இரண்டு வாரத்தில் "ஒன்றும் கேட்கவில்லை" என்று கைவிடுகிறவர்கள் அதிகம் என்பதால் இதைச் சொல்கிறோம். தீபாவளிக்குப் பலர் கேட்டு வாங்கும் வெறும் மயக்க மாத்திரையை அவர் தரவில்லை. அசிப்ரோமசின் என்ற அந்த மருந்தை மட்டும் கொடுத்தால் உடம்பு தளர்ந்துவிடும், பயம் அப்படியே இருக்கும். எந்த மருந்தானாலும் எடை பார்த்து மருத்துவர் எழுத வேண்டியது. மனிதர்களுக்கான வலி மாத்திரை எதையும் நாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள்.

மாலை நேரங்களில் வந்து அவள் அறையில் சும்மா உட்கார்ந்திருந்த கல்லூரிப் பிள்ளைகளுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. நாயைப் பார்க்காதே, கூப்பிடாதே, கை நீட்டாதே என்றால் இளவட்டங்கள் கேட்பது அபூர்வம். இவர்கள் கேட்டார்கள். தரையில் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, சுண்டுவிரல் நகம் அளவு வேகவைத்த ஈரல் துண்டுகளை அவளுக்குப் பின்பக்கம் தள்ளிப் போட்டார்கள். பலர் தவறுவது இங்கேதான். கையில் வைத்து நீட்டினால், பசிக்கு நாய் கழுத்தை நீட்டிக்கொண்டு வந்துவிடும். துண்டை விழுங்கிய மறுகணம் தான் ஆளுக்கு மிக அருகில் நிற்பது அதற்கு உறைக்கும். பதற்றத்தில் கடி விழுவது அப்போதுதான். பின்னால் போட்டால் தீனியும் கிடைக்கிறது, தூரமும் கிடைக்கிறது. திரும்பி வருவதா வேண்டாமா என்பது நாயின் இஷ்டம். உதட்டை நக்குவது, தூக்கம் இல்லாமல் கொட்டாவி விடுவது, கண்வெள்ளை தெரியப் பார்ப்பது, உடம்பு விறைத்து அசையாமல் நிற்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் எழுந்து விலகினார்கள். உறுமினால் அதட்டவில்லை. உறுமலை அடக்கிவிட்டால் அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் கடி வரும்.

ஈரல் தந்த கோழிக்கடை அண்ணனுக்கு நன்றி. உப்பில்லாமல் வேகவைத்து, வாணலியில் ஈரம் போக வாட்டினால் கையில் ஒட்டாது. அன்றைய தீனியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஈரல் போகக்கூடாது, வயிறு இளகிவிடும். கருவாடு கொண்டுவந்து கொடுத்த மீன்கார அம்மாவின் மனசுக்கும் நன்றி. உப்பு அதிகம் என்பதால் அதைச் செவலைக்குக் கொடுக்க முடியவில்லை. எங்கள் சமையலுக்கு ஆயிற்று.

தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு விடியற்காலையில் தங்கள் சாதுவான நாய்களோடு வந்து, செவலை தூரத்திலிருந்து பார்த்துப் பழக நின்றவர்கள் உண்டு. தெருமுனையில் திடீரென்று எதிர்ப்படும் நாயைவிட, திறந்த மணலில் நெடுந்தொலைவிலேயே தெரியும் நாய் எவ்வளவோ மேல். முதலில் 40 மீட்டர் தள்ளி நின்றோம். அந்த நாயைச் செவலை பார்த்த பிறகுதான் இவளுக்குத் தீனி. அது மறைந்தால் தீனியும் நிற்கும். வரிசை மாறக்கூடாது. தீனியை முதலில் நீட்டினால், "துண்டு வந்தால் பின்னாலேயே நாய் வரும்" என்று படித்துக்கொண்டு தீனிக்கே மிரளும். குரைத்துவிட்டாலோ, தீனியை வாங்க மறுத்தாலோ தூரம் போதவில்லை என்று பொருள். அன்று மேலும் தொடராமல் திரும்பிவிட வேண்டும், மறுநாளும் ஓய்வு. ஒரு முறை ஏறிய பதற்றம் வடிய ஒரு நாளாவது வேண்டும், அதற்குள் இன்னொன்று சேர்ந்தால் சின்னச் சத்தத்துக்கும் வெடித்துவிடும். தீர்த்தவாரிக்கு ஊரே கடற்கரையில் கூடும் மாசி மகத்தன்று அந்தப் பக்கமே போகக்கூடாது என்பதைச் சொல்லவே வேண்டாம்.

பழைய கடலூரில் பை தைக்கும் தையல்காரர் தைத்துக் கொடுத்த ஹார்னஸ், அதாவது நாயின் உடம்பைச் சுற்றிப் பூட்டும் வார், தனியாகச் சொல்ல வேண்டியது. பயந்த நாய் முன்னால் இழுக்காது. பின்னால் நகர்ந்து, தலையைக் குனிந்து, சாதாரண ஹார்னஸிலிருந்து சட்டையைக் கழற்றுவது போல வெளியே வந்துவிடும். அதனால் மூன்றாவதாக ஒரு பட்டை, விலா எலும்பு முடிந்து இடுப்பு ஒடுங்கும் இடத்தில். அகன்ற மார்புக்கூடு அதைத் தாண்டி வர முடியாது. பட்டைக்குள் இரண்டு விரல் நுழையும் அளவு இறுக்கம் போதும். ஹார்னஸையும் கழுத்துப் பட்டையையும் ஒரு சின்ன வாரால் இணைத்தால், ஒன்று கழன்றாலும் மற்றொன்று பிடிக்கும். கயிறு 6 அடி. பொத்தான் அழுத்தினால் நீளும் கயிறு இந்த நாய்களுக்கு ஆகவே ஆகாது.

வாய்க்கூடு வாங்கித் தந்தவருக்கும் நன்றி. வாயை இறுக்கிக் கட்டும் நைலான் பட்டையை நாங்கள் ஏற்பதில்லை. வாய் திறந்து மூச்சிரைத்துத்தான் நாய் சூட்டைத் தணிக்கிறது, கடலூர் வெயிலில் அதைத் தடுத்தால் உயிருக்கே ஆபத்து. கூடை மாதிரியான வாய்க்கூட்டில் வாயைத் திறக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், தீனியும் வாங்கலாம். உப்பு, சர்க்கரை சேர்க்காமல் வறுத்து அரைத்த வேர்க்கடலையை உள்ளே தடவி, அவளாகவே மூக்கை நுழைக்கும்வரை காத்திருந்து, அதற்குப் பிறகே வாரைப் பூட்டப் பழக்கினோம்.

வீட்டைத் தயார் செய்த வெல்டிங் பட்டறைக்காரர் கூலி மட்டுமே வாங்கினார். சுற்றுவேலியை 6 அடிக்கு உயர்த்தி, அடியில் கம்பிவலையை ஓரடி உள்நோக்கி மடித்து மண்ணில் புதைத்தார். பண்ருட்டிச் செம்மண்ணைத் தோண்டுவது நாய்க்குச் சிரமமே இல்லை. தெரு தெரியும் பக்கம் சவுக்குக் கழி நட்டுப் பச்சை வலை கட்டினார். தெருநாய்கள் கண்ணில் படாவிட்டால் குரைப்பது குறையும். வெளிக்கேட்டுக்கு உள்ளே ஆறடி தள்ளி இன்னொரு கேட். ஒன்றைச் சாத்தாமல் மற்றதைத் திறப்பதில்லை. புது வீட்டிலிருந்து நாய் ஓடிப்போவது பெரும்பாலும் முதல் சில நாட்களில், திறந்த கேட் வழியாகத்தான்.

வேன் ஓட்டுநர் தம்பி விடியலிலேயே கிளம்பினார், திருப்பாதிரிப்புலியூர் நெரிசல் தொடங்கும் முன். கிளம்புவதற்கு நான்கு மணி நேரம் முன்பிருந்து தீனி இல்லை. கூண்டின் மேல் பருத்தித் துணி, காற்றுக்கு ஒரு பக்கம் திறப்பு. வழியில் ஹாரனும் இல்லை, பாட்டும் இல்லை. இரண்டு கேட்டும் சாத்திய பிறகுதான் வேன் கதவு திறந்தது.

ஏற்றுக்கொண்ட அக்காவும் அண்ணனும் முதல் மூன்று வாரம் விருந்தாளிகளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்வது எவ்வளவு சங்கடம் என்று எல்லோருக்கும் தெரியும். குளிப்பாட்டவில்லை, வெளியே நடக்க அழைத்துப் போகவில்லை. ஒரே அறை, ஒரே நேரத்தில் சோறு, நிறையத் தூக்கம். ஆள் இருக்கும்போது மட்டும் ஹார்னஸில் ஆறடி மெல்லிய கயிறு இழுபட்டுக்கொண்டிருக்கும். கழுத்தில் கை வைக்காமல் அவளை நகர்த்த அது போதும். பால்காரர் இப்போது வெளிச்சுவர் கொக்கியில் தூக்கை மாட்டிவிட்டுப் போகிறார். பக்கத்து வேர்க்கடலை வயல்காரர், பன்றி விரட்ட வெடி போடும் இரவுகளில் முன்கூட்டியே போன் செய்கிறார். அன்று ஜன்னலை அடைத்து, மின்விசிறியை வேகமாக வைத்து, டிவியையும் போட்டுவிடுவார்கள்.

முந்திரி பொறுக்கும் மாதங்களில் தோப்புக்குள் ஆட்கள் வருவார்கள். அவர்கள் பின்பக்கப் பாதையில் வர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். செவலை பகலில் உள்ளறையில், தீனியைப் பொதிந்து சுருட்டிய பழைய துண்டோடு இருப்பாள். இது கட்டாயம் வேண்டிய ஏற்பாடு. பழகிவிட்டாளே என்று யாரும் இதைத் தளர்த்த வேண்டாம்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசி ஆண்டுக்கொருமுறை போடப்படும். அப்படியிருந்தும் யாரையாவது பல் கீறினால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும், மஞ்சளோ மிளகாயோ வைக்கக்கூடாது என்று தோப்பு ஆட்களுக்குப் புரியும்படி சொன்ன ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியருக்கும் எங்கள் நன்றி.

இரவல் வாங்கிய இரும்புக் கூண்டைக் கழுவி வெயிலில் காயவைத்திருக்கிறோம். உரியவர் எடுத்துக்கொள்ளலாம், அல்லது அடுத்த நாய்க்கென்று இங்கேயே விட்டுவைக்கலாம். ஹார்னஸுக்கான அளவுத் தாள் தையல்காரரிடம் இருக்கிறது. கழுத்துச் சுற்றளவு, மார்புச் சுற்றளவு, இடுப்புச் சுற்றளவு மூன்றையும் எழுதிக் கொடுத்தால், நாடாவுக்கும் கொக்கிக்கும் ஆகும் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு தைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
காப்பகத் தொண்டர்கள்,
கடலூர்