சந்தா கட்டியாயிற்று, தேடக் கற்பிப்பது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்து, மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாயை ஒதுக்கியது. 2025 ஜனவரி முதல் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குக் கிடைக்கின்றன. கோவையிலும் சேலத்திலும் உள்ள அரசுப் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் முன்பு கட்டுரைப் பிரதி கேட்டு வெளியூர் நூலகங்களுக்குக் கடிதம் எழுதிக் காத்திருந்த நிலை இதனால் பெருமளவு மாறியிருக்கிறது. கல்லூரி நூலகராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதை மனமார வரவேற்கிறேன். ஆயினும் இந்த இதழ்களுக்குள் தேடும் முறையைக் கற்பிக்கும் பொறுப்பை யாரும் ஏற்காமல் இருப்பதைச் சுட்டிக்காட்டவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பொள்ளாச்சிப் பகுதித் தென்னந்தோப்புகளில் 2016இல் தலைகாட்டிய சுருள் வெள்ளை ஈயைப் பற்றி ஒரு மாணவர் ஆய்வு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டுத் தென்னையில் எடுக்கப்பட்ட மாதிரிகளைக் கொண்டு 2004இல் அறிவியல் உலகுக்கு முதன்முதலாக விவரிக்கப்பட்ட பூச்சி இது. இதன் ஆங்கிலப் பெயரில் வரும் ‘ஸ்பைரலிங்’ என்னும் சொல்லை அமெரிக்கர்கள் ஒற்றை ‘எல்’ இட்டும், நம்மவர்கள் பெரும்பாலும் இரட்டை ‘எல்’ இட்டும் எழுதுகிறார்கள். போதாக்குறைக்கு, புளோரிடாவில் இதற்குக் ‘கம்போ லிம்போ’ வெள்ளை ஈ என்று வேறொரு பெயரும் உண்டு. இவற்றுள் ஒன்றை மட்டும் தட்டச்சு செய்யும் மாணவருக்கு மற்றப் பெயர்களில் வெளிவந்த கட்டுரைகள் கண்ணில் படாமலே போகக்கூடும். அவரோ, தமது தலைப்பில் இதற்கு மேல் எவரும் எழுதவில்லை என்று முன்னுரையில் எழுதிவிடுவார்.

இதற்கு மாற்று கடினமானதன்று. ‘அலூரோடிகஸ் ருஜியோபெர்குலேட்டஸ்’ என்ற அறிவியல் பெயரையும் வழக்குப் பெயர்களையும் தனித்தனி மேற்கோள் குறிக்குள் இட்டு, ‘அல்லது’ எனப் பொருள்படும் ‘ஆர்’ (OR) என்னும் ஆங்கிலச் சொல்லால் இணைத்து, அனைத்தையும் ஓர் அடைப்புக்குள் வைத்து, அதன்பின் ‘அண்ட்’ (AND) போட்டுத் தென்னையைச் சேர்த்தால் தேடலின் பெரும்பகுதி முடிந்துவிடும். சொல்லின் அடிப்பகுதியை மட்டும் தந்து நட்சத்திரக் குறி இட்டால் பல தரவுத்தளங்கள் அச்சொல்லின் எல்லா வடிவங்களையும் எடுத்துத் தரும். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலர் தளத்தில் அந்தக் குறி அவ்வாறு வேலை செய்யாது. இத்தகைய வேறுபாடுகளைத் தளத்துக்குத் தளம் சொல்லித்தர அனுபவம் உள்ள ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

தமிழில் ஆய்வு செய்வோரின் நிலை இதைவிடச் சிக்கலானது. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேமித்து வைக்கும் ‘சோத்கங்கா’ இணையக் களஞ்சியத்தில் ஆய்வேடுகள் இலட்சக்கணக்கில் இருக்கின்றன. சந்தா இல்லாமல் எவரும் படிக்கலாம். ஆனால் தமிழ் ஆய்வேடுகள் பலவற்றின் தலைப்புகள் ஆங்கில எழுத்துகளில், அவரவர் மனம்போன போக்கில் பதிவாகியுள்ளன. உள்ளே இருக்கும் பக்கங்களோ வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அமைந்தவை; அல்லது வெறும் படமாக வருடப்பட்டவை (ஸ்கேன் செய்யப்பட்டவை). பழைய எழுத்துருவில் திரையில் நமக்குத் தமிழாகத் தெரிவது கணினிக்குப் பொருளற்ற ஆங்கிலக் குறிகளின் வரிசைதான். ஆதலால் ‘நொய்யல்’ என்று ஆற்றின் பெயரை ஒருங்குறியில் (யூனிகோடு) தேடுபவருக்கு, நொய்யலைப் பற்றியே முந்நூறு பக்கம் எழுதப்பட்ட ஆய்வேடுகூட அகப்படாது. தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது 2010இல். அதன் பிறகும் நெறியாளர்கள் பழைய எழுத்துருவில் ஆய்வேடுகளை ஏற்றுக்கொண்டார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. ஒருங்குறியில் இருந்தாலும், ‘காளிங்கராயன்’, ‘காலிங்கராயன்’ என்னும் இரு வடிவங்களையும் தேட வேண்டும் என்பதும், ‘ஆறு’ என்று தேடினால் ‘ஆற்று’ வராது என்பதும் மாணவர்களுக்கு எடுத்துச் சொல்லப்படுவதில்லை.

இவ்வளவு தொல்லை எதற்கு என்று செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம் கேட்டுவிடும் பழக்கமும் பரவி வருகிறது. அவை இல்லாத கட்டுரைக்கும் ஆசிரியர், ஆண்டு, பக்க எண் எல்லாம் கச்சிதமாகத் தந்துவிடக்கூடியவை என்பதால், இதழின் தளத்துக்கே சென்று சரிபார்க்காத எந்த மேற்கோளையும் ஆய்வேட்டில் சேர்க்கக் கூடாது.

முனைவர் பட்ட மாணவர்களுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு கட்டாயமாக்கியுள்ள ஆய்வு நெறிமுறைப் பாடம் மொத்தம் 30 மணி நேரம். அதில் தரவுத்தளங்களுக்கு உரிய சில மணி நேரத்தைப் பல இடங்களில் ‘ஸ்கோபஸ்’ என்னும் ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளம் என்றால் என்ன என்ற விளக்கத்தோடு முடித்துக்கொள்கிறார்கள். இப்பகுதியை நூலகரிடம் ஒப்படைத்து, ஒவ்வொரு மாணவரும் தம் தலைப்பிலேயே தேடி, பயன்படுத்திய சொற்கள், தளம், நாள் ஆகியவற்றைக் குறிப்பேடாகச் சமர்ப்பிக்கச் செய்ய வேண்டும். நூலகரை வருகைப் பதிவுக்கும் விழா ஏற்பாட்டுக்கும் அனுப்புவதை நிறுத்தினாலே இதற்கு நேரம் கிடைத்துவிடும்.

கொங்கு வட்டாரத்தில் தனியார் கல்லூரிகளே மிகுதி. மேற்சொன்ன சந்தாத் திட்டத்தின் முதற்கட்டத்தில் அவை இடம்பெறவில்லை. அங்குள்ள மாணவர்களுக்குச் சோத்கங்கா, வேளாண் ஆய்வேடுகளுக்கான ‘கிருஷிகோஷ்’, கட்டணமில்லாத் திறந்த இதழ்கள் ஆகியவையே துணை என்பதால், தேடும் திறன் அவர்களுக்கு இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

எனவே, கோவை, சேலம் பல்கலைக்கழகங்கள் வரும் கல்வியாண்டு முதல் தமிழ் ஆய்வேடுகளை ஒருங்குறியில் மட்டுமே பெற்று, தலைப்பையும் குறிச்சொற்களையும் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் நூலகரின் ஒப்புதலோடு பதிவேற்ற வேண்டும். ஏற்கெனவே ஏற்றப்பட்ட பழைய எழுத்துரு ஆய்வேடுகளை ஒருங்குறிக்கு மாற்றும் பணியைத் தமிழ்த் துறையும் கணினித் துறையும் சேர்ந்து தொடங்க வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கல்லூரி நூலகர்,
பெருந்துறை, ஈரோடு மாவட்டம்.