டண்டீயிலிருந்து அம்மாவுக்கு

கர்த்தருக்குள் பிரியமான அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கோயிலுக்கு ஒழுங்காகப் போகிறேனா, அங்கே தமிழ் பேச யாராவது இருக்கிறார்களா என்று கேட்டிருந்தீர்கள். போகிறேன். தமிழ் பேசத்தான் ஒருவரும் இல்லை. அதற்காக விசாரப்படாதீர்கள். குளிர்தான் பாடு, நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது, கோயிலுக்குள்ளும் கோட்டைக் கழற்ற முடியாது.

இது ஸ்காட்லாந்து சபை, பிரஸ்பிடேரியன். பேராயரே கிடையாது. புதுப் போதகர் வேண்டுமென்றால், அவர் ஒரு ஞாயிறு வந்து பிரசங்கம் பண்ணுவார். சபையார் ஓட்டுப் போட்டு அழைப்பார்கள். சேகரத்துக் காரியங்களைப் போதகரும், சபைப் பொறுப்பிலுள்ள பெரியவர்களான மூப்பர்களும் கூடி முடிவு செய்கிறார்கள். மே மாதம் எடின்பரோவில் பொதுச்சபை கூடும். அதற்குத் தலைவராக வருகிறவருக்கும் ஒரு வருஷம்தான் பதவி. 1966-லிருந்து பெண்களும் மூப்பர், 1968-லிருந்து போதகர். அப்பா இருந்திருந்தால் இதைப் பற்றி மணிக்கணக்கில் பேசியிருப்பார்.

ஆராதனைக்கு முதலில் வேதப்புத்தகம்தான் உள்ளே வரும். கோயில் வேலைகளைப் பார்க்கும் நம் கோயில்குட்டியார் போல ஒருவர் இரண்டு கையாலும் ஏந்தி வருவார். எல்லாரும் எழுந்து நிற்போம். போதகர் அதற்குப் பின்னால்தான் வருவார். எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது.

கீழ்வீட்டுப் பாட்டியைப் பற்றி எழுதியிருந்தேனே, அவர்களும் மூப்பர்தான். மூப்பர் ஒவ்வொருவருக்கும் சில வீடுகள் உண்டு. எங்கள் தெரு அவர்கள் பொறுப்பு. திருவிருந்துக்கு முன்னால் வீடு வீடாக அழைப்பு அட்டை கொண்டு போவார்கள். பாட்டி பனியில் கம்பை ஊன்றிக்கொண்டு மேலே ஏறி வந்தார்கள். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. வாசலில் நின்றபடியே ஹீட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏன் அணைத்து வைத்திருக்கிறாய்?" என்றார்கள். எனக்குச் சூடு பிடிக்காது என்று சொன்னேன். மறுநாள் ஒரு சட்டி பருப்பு சூப் வந்தது, கேரட் போட்டு, காரமே இல்லாமல். நம் மிளகாய்ப்பொடியைத் தூவிக் குடித்தேன்.

திருவிருந்தன்று நாங்கள் பீடத்துக்குப் போவதில்லை. உட்கார்ந்த இடத்துக்கே அப்பம் வரும். பாட்டி தட்டை என் கையில் தந்தார்கள், நான் வாங்கி எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவருக்குக் கொடுத்தேன். அவர் யார் என்றுகூட எனக்குத் தெரியாது. அந்த ஒரு நிமிஷம் நான் இந்த ஊர்க்காரியாகவே இருந்தேன்.

ஆள்தான் குறைவு, பாதிப்பேர் நரைத்த தலை. ஆனாலும் இல்லாதவர்களுக்கென்று வாசலில் வைத்திருக்கும் பெட்டி வாராவாரம் நிறைந்துவிடுகிறது.

போன ஞாயிறு ஒரு கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம். இந்தப் பிள்ளையை வளர்க்க உதவுவீர்களா என்று போதகர் சபையாரைக் கேட்பார். எல்லாரும் எழுந்து சம்மதம் சொல்ல வேண்டும். நானும் எழுந்தேன். சின்னவன் பிள்ளையை இன்னும் கையில்கூட எடுக்கவில்லையே என்று நினைத்ததும் வாயில் சத்தம் வரவில்லை, அம்மா.

ஞானஸ்நானத்துக்கு என்றைக்கு நாள் குறித்திருக்கிறீர்கள்? நான் வருவதற்காகத் தள்ளிப்போட வேண்டாம், லீவு கிடைப்பது கஷ்டம். ஞானத்தாயாக மதினியை நிறுத்துங்கள், மனஸ்தாபமும் தீரும். தோப்பை விற்க அவசரப்பட வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லுங்கள். பத்திரம் உங்கள் கையிலேயே இருக்கட்டும். இந்த மாதம் பணம் கொஞ்சம் குறைவாக வரும், பயப்பட ஒன்றுமில்லை, அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன். மோட்டார் ரிப்பேரை அதுவரை தள்ளிப்போடலாம். ஆனால் பிரஷர் மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுகிறீர்களாம், சின்னவன் எழுதியிருக்கிறான். அதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

உங்கள் அன்பு மகள்